அறிதுயிலும் பிள்ளைப்பேறும்: குடியாத்தத்துப் பெண்ணுக்கு ஒரு பதில்

உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. முதல் பிள்ளை, ஆறாம் மாதம். ஹிப்னாடிசம் செய்துகொண்டால் வலியே இல்லாமல் பிள்ளை பெறலாம் என்று ஒரு விளம்பரம் பார்த்தீர்கள். அது உண்மையா என்பது முதல் கேள்வி. பிரசவத்தை நினைத்து இரவெல்லாம் விழித்துக் கிடக்கும் உங்கள் பயத்தை அது போக்குமா என்பது இரண்டாவது. பேரணாம்பட்டில் தோல் தொழிற்சாலை வேலைக்குப் போகும் உங்கள் கணவர் உதட்டுக்குள் புகையிலை அடக்கும் பழக்கத்தை, அவருக்கே தெரியாமல் அவர் உறங்கும்போது காதில் சொல்லி விடவைக்க முடியுமா என்பது மூன்றாவது. மாமியார், "அது மனோவசியம், வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது" என்று தடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

நான் வேலூரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவ உளவியலாளராக இருக்கிறேன். இரண்டு பிள்ளை பெற்றவள். வலியே இல்லாத பிரசவம் என்று எவர் சொன்னாலும் அவரிடம் போகாதீர்கள். பயம் குறைந்த பிரசவம் என்று ஒருவர் சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் விளக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

ஹிப்னாடிசத்துக்குத் தமிழில் இரண்டு சொற்கள் வழங்குகின்றன. ஒன்று உங்கள் மாமியார் சொன்ன மனோவசியம். அந்தச் சொல்லில் வசியம் செய்கிறவர் ஒருவர், வசப்படுகிறவர் ஒருவர் என்று இருவர் இருக்கிறார்கள். அதனால்தான் கேட்டதும் அச்சம் வருகிறது. மற்றொன்று அறிதுயில். நீங்கள் வேலூருக்கு வரும் வழியில் பள்ளிகொண்டாவில் உத்திர ரங்கநாதர் பள்ளி கொண்டிருக்கிறாரே, அந்தத் துயிலுக்குத்தான் நம் முன்னோர் அந்தப் பெயரை வைத்தார்கள். கண் மூடியிருக்கிறது, அறிவு மூடவில்லை. உளவியலில் நாங்கள் சொல்லும் நிலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் எந்த மொழியிலும் பார்த்ததில்லை. அந்த நிலையில் இருப்பவர் மயங்கிக் கிடப்பதில்லை. கவனம் முழுவதும் ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது, மற்றவை பின்னால் தள்ளிப் போயிருக்கின்றன, அவ்வளவுதான். பிடிக்காத ஒன்றைச் செய்யச் சொன்னால் கண்ணைத் திறந்துகொண்டு எழுந்து போய்விடலாம்.

உங்கள் ஊரில் பீடி சுற்றும் பெண்களைப் பாருங்கள். மடியில் முறம், கையில் இலை. விரல் தானாக ஓடும், காது தொலைக்காட்சித் தொடரில் இருக்கும். மூன்று மணி நேரம் கழித்து நிமிரும்போதுதான் கழுத்து வலிப்பதே தெரியும். அந்த வலி நிமிர்ந்த பிறகு பிறந்ததில்லை. முன்பே இருந்தது, கவனம் அங்கே போகவில்லை. 1997இல் மான்ட்ரியலில் ஓர் ஆய்வு நடந்தது. அறிதுயிலில் இருந்தவர்களின் கையைச் சூடான நீரில் வைத்து, வேதனை கூடுகிறது என்றும் குறைகிறது என்றும் மாற்றி மாற்றிச் சொல்லி மூளையைப் படம் எடுத்தார்கள். நீரின் சூடு மாறவில்லை. சொல் மாறியபோது, வலியின் வேதனையை உணரும் மூளைப் பகுதியின் இயக்கம் மாறியது. சூட்டைச் சூடாக உணரும் பகுதி பெரும்பாலும் அப்படியே இருந்தது. வலி வேறு, வலியால் படும் அல்லல் வேறு. அறிதுயில் தொடுவது பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான்.

சக்தி யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி பழையது. மெஸ்மர் என்ற மருத்துவர் தன் உடலிலிருந்து ஒரு காந்தம் பாய்ந்து நோயாளியைக் குணமாக்குகிறது என்றார். 1784இல் பிரெஞ்சு மன்னர் அமைத்த குழு சோதித்துப் பார்த்து, அப்படி ஒரு காந்தமே இல்லை, நடப்பதெல்லாம் நோயாளியின் கற்பனையால் என்றது. பிறகு பாரிசில், கோவாவில் பிறந்த ஃபரியா என்ற பாதிரியார், துயிலும் ஆற்றல் துயில்பவரிடமே இருக்கிறது, நான் வெறுமனே வழி சொல்கிறேன் என்று எடுத்துரைத்தார். பனாஜியில் இன்றும் அவருக்குச் சிலை இருக்கிறது. 1845இல் வங்காளத்தின் ஹூக்ளியில் எஸ்டேல் என்ற அறுவை மருத்துவர், மயக்க மருந்து வருவதற்கு முன்பே, இப்படித் துயிலவைத்துப் பெரிய கட்டிகளை அகற்றினார். அடுத்த ஆண்டே ஈதர் வந்தது, 1847இல் குளோரோஃபார்ம் வந்தது. இந்த முறை ஓரத்துக்குப் போனது. அது நியாயம்தான். மருந்து எல்லோருக்கும் வேலை செய்யும், அறிதுயில் அப்படியில்லை. எளிதில் ஆழமாகப் போகிறவர்கள் சிலர், எவ்வளவு முயன்றாலும் போகாதவர்கள் சிலர், இடையில் பெரும்பாலோர். இது மனவலிமையைப் பொறுத்ததன்று. சிலருக்குப் பாட்டு எளிதாக வருவதைப் போன்றது.

இனி பிரசவம். பயந்தால் உடல் இறுகுகிறது, இறுகினால் வலி கூடுகிறது, வலி கூடினால் பயம் இன்னும் கூடுகிறது. இந்தச் சுழலை இங்கிலாந்தின் மகப்பேறு மருத்துவர் கிரான்ட்லி டிக்-ரீட் 1930களிலேயே விளக்கினார். பயத்தில் சுரக்கும் அட்ரினலின் மிகுந்தால் கருப்பையின் சுருக்கம் தளர்ந்து பிரசவம் நீளவும் கூடும். அந்தச் சுழலை எங்காவது ஓரிடத்தில் அறுக்க வேண்டும். அறிதுயில் அறுப்பது பயத்தின் கண்ணியை.

எவ்வளவு பலன்? 2016 வரை நடந்த ஒன்பது சோதனைகளை, ஏறத்தாழ 3,000 பெண்களின் விவரங்களை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. அறிதுயில் பயின்றவர்களில் வலி மருந்து கேட்டவர்கள் மொத்தத்தில் ஓரளவு குறைவு. ஆனால் முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்யும் எபிடூரலைக் கேட்டவர்களின் எண்ணிக்கையில் தெளிவான வேறுபாடு இல்லை. சுகப்பிரசவமும் அதனால் கூடியதாகத் தெரியவில்லை. இங்கிலாந்தில் முதல் பிள்ளை சுமந்த 680 பெண்களிடம் நடத்திய ஒரு பெரிய சோதனையும் 2015இல் இதையே சொன்னது: எபிடூரல் குறையவில்லை. ஆனால் பயின்ற பெண்கள், முன்பு நினைத்த அளவுக்குப் பயமும் பதற்றமும் படவில்லை என்று பிரசவத்துக்குப் பிறகு தெரிவித்தார்கள். எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை. பத்து மாதத்தில் மூன்று மாதம் உறக்கமில்லாமல் கிடக்கும் ஒரு பெண்ணுக்குப் பயம் குறைவது தனியாகவே ஒரு பெரும்பேறு. உலக சுகாதார நிறுவனமும் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வலி தணிய வழி கேட்கும் நலமான கர்ப்பிணிகளுக்கு மூச்சுப் பயிற்சி, தசை தளர்த்தல் போன்றவற்றைப் பரிந்துரைக்கிறது.

வெளிநாட்டுப் பாடங்களை அப்படியே நம் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் ஒரு சங்கடத்தை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அந்தப் பாடங்களில் வலி என்ற சொல்லையே பயன்படுத்தாதீர்கள், அலை என்று சொல்லுங்கள் என்பார்கள். நம் மொழியில் அது நடக்குமா? கருப்பை சுருங்குவதற்கே நமக்கு வலி என்றுதான் பெயர். "வலி வந்துவிட்டதா?" என்று அம்மா கேட்பார், "வலி வர மருந்து ஏற்றலாம்" என்று செவிலியர் சொல்வார். நீங்கள் அலை என்று நினைத்துக்கொண்டு படுத்திருக்கும்போது அறையிலுள்ள ஐந்து பேரும் வலி என்பார்கள். ஆகவே சொல்லை மறைக்க வேண்டாம். வலி என்ற சொல்லுக்கு வலிமை என்ற பொருளும் உண்டு. திருக்குறளில் வலியறிதல் என்ற அதிகாரம் அந்தப் பொருளில்தான் இருக்கிறது. நான் பெண்களிடம் சொல்வது இதுதான்: வலி வருகிறது என்றால் உங்கள் கருப்பை தன் வலுவைக் காட்டுகிறது. ஏறக்குறைய ஒரு நிமிடம் இருக்கும், தணியும், இடையில் ஓய்வு வரும். பெரும்பாலான பெண்கள் அந்த ஓய்வை அடுத்த வலிக்குப் பயந்தே செலவழித்துவிடுகிறார்கள். பயிற்சியின் பாதிப் பயன் அந்த இடைவெளியில்தான் கிடைக்கிறது.

என் முதல் பிரசவம் அக்கினி நட்சத்திரத்தில். வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியும். பேறுகால அறையில் பக்கத்துக் கட்டிலில் கத்திக்கொண்டிருந்த பெண்ணை ஒருவர், "இப்போதே இப்படிக் கத்தினால் பிள்ளை வரும்போது என்ன செய்வாய்?" என்று அதட்டினார். அவளைச் சொன்ன சொல் என் உடம்பில் இறங்கியது. அதுவரை எண்ணி எண்ணி மூச்சு விட்டுக்கொண்டிருந்தவளுக்குத் தோள் இறுகியது, தாடை இறுகியது, பிறகு எண்ணிக்கையே மறந்துபோயிற்று. வலியில் இருக்கும் பெண்ணின் கவனம் ஏற்கெனவே குவிந்திருக்கிறது. அந்த நேரத்தில் யார் எதைச் சொன்னாலும் அது ஆழமாகப் பதியும். அந்த வகையில் பிரசவ அறையில் நிற்கும் ஒவ்வொருவரும் அறிந்தோ அறியாமலோ ஹிப்னாடிசம் செய்கிறார்கள். வளைகாப்பு அன்று கையில் வளையல் அடுக்கிக்கொண்டே, "எனக்கு மூன்று நாள் இடுப்பு வலி, செத்துப் பிழைத்தேன்" என்று கதை சொல்லும் உறவினர்களும் அதையேதான் செய்கிறார்கள். அவர்கள் மனத்தில் அன்புதான் இருக்கிறது. ஆனாலும் அடுத்த மாதம் உங்கள் வளைகாப்பில் அப்படி யாராவது தொடங்கினால், "அத்தை, பிள்ளை பிறந்த பிறகு கேட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். மரியாதைக் குறைவில்லை.

பயிற்சி எப்படி என்றால், ஏழாம் மாதத்திலிருந்தே தினமும் இருபது நிமிடம். ஒருநாள் ஒரு மணி நேரம் செய்து நான்கு நாள் விடுவதில் பயனில்லை. இடப்பக்கமாகச் சாய்ந்து படுங்கள், இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையணை. நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறோ எட்டோ எண்ணும் வரை மெல்ல விடுங்கள். மூச்சை அடக்கிப் பிடிக்க வேண்டாம். விடும் மூச்சு நீண்டிருப்பதுதான் முக்கியம். நெற்றி, தாடை, தோள், உள்ளங்கை, இடுப்பு, தொடை என்று ஒவ்வொன்றாகத் தளர விடுங்கள். தாடையை நன்றாகக் கவனியுங்கள்; பல்லைக் கடித்துக்கொண்டு இடுப்பைத் தளர்த்துவது கடினம். உடல் தளர்ந்ததும் மனத்துக்கு ஓர் இடம் வேண்டும். கடற்கரை, பனிமலை என்று பதிவுகளில் வரும். கடலையே ஒரு முறைதான் பார்த்த பெண் அங்கே எப்படி இளைப்பாறுவாள்? உங்கள் ஊர் நெசவாளர் வீட்டுப் பெண் ஒருவர் என்னிடம் பயின்றார். அவர் தேர்ந்துகொண்டது தன் அப்பாவின் தறிச் சத்தம். நாடா ஒரு பக்கம் போகும்போது மூச்சை இழுப்பார், திரும்பி வரும்போது விடுவார். அவர் பிறந்ததிலிருந்து கேட்டு உறங்கிய ஓசை அது. கடைசியில் பன்னிரண்டு மணி நேர வலிக்குப் பிறகு, பிள்ளையின் நாடித்துடிப்பு குறைந்ததால் சிசேரியன் செய்தார்கள். ஆனாலும் அறுவை அரங்குக்குள் தறியோடுதான் போனேன் என்று சொன்னார். அவருக்குப் பயிற்சி பலித்தது என்றே நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

அந்த நிலைக்குச் சட்டெனப் போக ஓர் அடையாளமும் பழக வேண்டும். வளையல் ஓசையை வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் ஆசைப்படுவார்கள். ஆனால் மருத்துவமனையில் கண்ணாடி வளையலைக் கழற்றச் சொல்லலாம். தோளில் ஒரு கை வைப்பதே நல்லது. தினமும் பயிற்சியின் கடைசியில் துணைக்கு வரப்போகிறவர் உங்கள் தோளில் கை வைத்து "விடு" என்று ஒரே ஒரு சொல் சொல்லட்டும். எட்டு வாரம் பழகினால், அந்தக் கையும் அந்தச் சொல்லும் பட்டதுமே மூச்சு நீளும்.

இந்தப் பயிற்சியால் கேடு ஒன்றும் இல்லையா என்றால், ஒன்று உண்டு. அது பயிற்சியில் இல்லை, அதன்மேல் வைக்கும் அளவு கடந்த நம்பிக்கையில் இருக்கிறது. வலி பல நேரம் தூது. தலைவலியோடு கண் மங்கினால், முகமும் கையும் வீங்கினால், இரத்தம் பட்டால், பனிக்குடம் உடைந்தால், பிள்ளையின் அசைவு குறைந்தால், மூச்சுப் பயிற்சி செய்துகொண்டு படுத்திருக்காதீர்கள், 108ஐ அழையுங்கள். 2018இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஓர் இளம்பெண் இரத்தப்போக்கில் இறந்துபோனார். வேலூரில் இருந்துகொண்டு இதைச் சொல்லும்போது எனக்கு இங்கே சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர்தான் நினைவுக்கு வருகிறார். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் தங்கள் மனைவியரின் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஆண் மருத்துவர் பார்க்கக்கூடாது, நீ வா என்றார்கள். அப்போது அவர் மருத்துவம் படிக்காத இளம்பெண். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அதன் பிறகே அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து, 1900இல் திரும்பி வந்து வேலூரில் சிகிச்சை தொடங்கினார். அந்த மூன்று பெண்களுக்குத் தேவைப்பட்டது மருத்துவர். தன்னம்பிக்கைப் பேச்சு எதுவும் அவர்களைக் காப்பாற்றியிருக்காது. ஆகவே ஸ்கேன், இரத்த அழுத்தம், இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் அதனதன் முறைப்படி நடக்கட்டும். வலி தாங்கவில்லை என்றால் மருந்து கேளுங்கள். கேட்பது தோல்வியில்லை.

இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்ல முடியும். பதற்றம், உறக்கமின்மை, ஊசி பயம், பரீட்சை பயம் போன்றவற்றுக்கு, பேசித் தீர்க்கும் சிகிச்சையோடு சேர்த்துச் செய்தால் அறிதுயில் உதவுகிறது. பதற்றத்தில் கூடும் ஐ.பி.எஸ். என்ற குடல் நோய்க்கு 1984இல் மான்செஸ்டரில் தொடங்கிய ஆய்வுகள் நல்ல பலனே காட்டின. ஆனால் ஆழ்ந்த மனச்சோர்வுக்கு இதை மட்டும் நம்புவது தவறு. காதில் குரல் கேட்பது, யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று தோன்றுவது போன்றவை இருந்தால் அறிதுயில் கூடவே கூடாது. முற்பிறவியைக் காட்டுகிறேன், மறந்துபோன குழந்தைப் பருவ நினைவை எடுத்துத் தருகிறேன் என்பவர்களிடமிருந்து விலகியிருங்கள். அந்த நிலையில் நடக்காததும் நடந்ததாகப் பதிந்துவிடும். அதை நம்பி உடைந்த குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை பிறந்த சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவது இயல்பு. இரண்டு வாரம் தாண்டியும் போகவில்லை என்றால், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால், பாகாயத்திலுள்ள சி.எம்.சி. மனநல மையத்துக்கோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ போங்கள். பாகாயத்தில் குடும்பத்தார் நோயாளியோடு தங்கியே சிகிச்சை பெறும் வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. இரவு நேரத்தில் 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கணவர் விஷயத்துக்கு வருகிறேன். அவருக்குத் தெரியாமல் அவர் காதில் சொல்லிப் பயனில்லை. உறக்கம் வேறு, அறிதுயில் வேறு. அவர் விரும்பாமல் அது வேலை செய்யாது. நீங்கள் ஒளித்துச் செய்தது தெரிந்தால் மனத்தாங்கல்தான் மிஞ்சும். அவரே விரும்பினாலும் இது மந்திரமில்லை. புகைப்பதை விடுவதற்கு ஹிப்னாடிசம் உதவுகிறதா என்று 14 ஆய்வுகளை 2019இல் தொகுத்துப் பார்த்தபோது, மற்ற ஆலோசனை முறைகளைவிட இது மேலானது என்று சொல்லப் போதிய சான்று கிடைக்கவில்லை. ஒரே அமர்வில் விட்டுவிடலாம் என்று பணம் வாங்குகிறவர்களிடம் அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

நான் அதைத் துணைக் கருவியாகவே பயன்படுத்துகிறேன். புகையிலைப் பழக்கத்தில் இரண்டு முடிச்சுகள் உண்டு. ஒன்று நிகோடின், அதற்கு மருத்துவர் சொல்லும் நிகோடின் சூயிங்கம் போன்றவை வேண்டும். மற்றது வேளை. சாப்பிட்டு முடித்தவுடன், ஷிப்டு இடைவேளையில் நண்பர் பொட்டலத்தை நீட்டும்போது, தோல் கிடங்கின் வாடை மூக்கில் ஏறும்போது என்று கை தானாகப் போகும் வேளைகள். ஒரு வாரம் அவற்றைக் குறித்துவைக்கச் சொல்வேன். பிறகு அறிதுயிலில் அந்த நிமிடத்தை அவரே மனத்தில் நடத்திப் பார்ப்பார்: நண்பர் நீட்டுகிறார், நாக்கு ஊறுகிறது, அவர் தண்ணீர் குடிக்கிறார், வாயில் இரண்டு கிராம்பு போட்டுக்கொள்கிறார், ஏக்கம் ஏறி, சில நிமிடங்களில் இறங்குகிறது. பத்து இருபது தடவை மனத்தில் நடந்தது ஒருநாள் தொழிற்சாலை வாசலில் நடக்கும். நழுவினால் மறுபடி தொடங்கலாம். 1800-112-356 என்ற இலவச எண்ணில் புகையிலையை விட ஆலோசனை கிடைக்கிறது, அவரே பேசட்டும். குடிப்பழக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. தினமும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதை மருத்துவமனையில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

யாரிடம் கற்பது என்றால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர், மனநல மருத்துவர், அல்லது இதில் பயிற்சி பெற்ற மகப்பேறு மருத்துவர். பதிவு எண்ணைக் கேளுங்கள். துணைக்கு ஒருவர் உள்ளே வரக்கூடாது என்றால் எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லாதே என்பவரிடம் இரண்டாம் முறை போகாதீர்கள்.

மாமியாரை எதிர்த்து இதைச் செய்யாதீர்கள். அவரையே பக்கத்தில் உட்காரவைத்து முதல் பயிற்சியைச் செய்யுங்கள். நீங்கள் விழித்திருப்பதையும், கூப்பிட்டால் பதில் சொல்வதையும் அவர் கண்ணால் பார்க்கட்டும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பேறுகால அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கும் ஏற்பாடு 2004 முதல் இருக்கிறது. இந்தப் பயிற்சியில் உங்கள் தோளில் வைக்கப்படும் கை அவருடையதாக இருக்கலாம். மூன்று பிள்ளை பெற்றவர் என்று எழுதியிருக்கிறீர்களே, எப்போது "விடு" என்று சொல்ல வேண்டும் என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.